வரிசை எண் இருபத்து மூன்று

சாக்கு கிழிந்து துப்பாக்கிகள் கொட்டிய சத்தத்தில், தண்டவாளத்தோரம் படுத்திருந்த நாய் மூன்று வீடு தள்ளிப் போய் நின்று குரைத்தது.

கொருக்குப்பேட்டைக்கு இரும்புச் சத்தம் புதிதில்லை. கூட்ஸ் பெட்டிகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் சத்தத்தில் கைக்குழந்தைகள்கூட அசையாமல் தூங்கும் இடம் அது. ஆனால் காலித்தின் பட்டறை வாசலில் போலீஸ் வேன் நின்று, அதிலிருந்து நாற்பத்தோரு துப்பாக்கிகள் சிமெண்டுத் தரையில் சரிந்தால், எட்டிப் பார்க்காமல் இருக்க யாரால் முடியும்?

"இன்னா பாய், யார்மேலயாவது படையெடுத்துப் போறியா?" என்றாள் செல்லம்மா. காலித் வெட்டிப் போடுகிற இரும்பைத் தரம் பிரிப்பது அவள் வேலை. பதினாறு வருஷமாக அதே பட்டறை, அதே வாய்.

"நீ முன்னாடி போக்கா, நான் பின்னாடி வரேன்," என்றான் காலித்.

வேனிலிருந்து எஸ்.ஐ. எழில்மொழி இறங்கினாள். துறைமுகத்துப் பக்கத்து ஸ்டேஷன் ஒன்றுக்கு மாற்றலாகி வந்து மூன்றே மாதம். கையில் நீதிமன்ற உத்தரவின் நகல் இருந்தது. வழக்கு முடிந்தவை, கேட்பாரற்றுக் கிடந்தவை என்று ஸ்டேஷன் பொருள் அறையில் முப்பது வருஷமாகச் சேர்ந்துபோன துப்பாக்கிகள் இவை. ஒவ்வொன்றையும் மூன்று துண்டாக வெட்ட வேண்டும். வெட்டுவதை வீடியோ எடுக்க வேண்டும். மாலை ஐந்து மணிக்குத் துண்டுகள் உருக்காலைக்குக் கிளம்பியாக வேண்டும்.

காலித்துக்கு அது ஒரு வேலை, அவ்வளவுதான். இருபத்திரண்டு வருஷமாக கேஸ் கட்டர் பிடிக்கிறான். கப்பல் தகடு, கொதிகலன், கிரேன் கை, ஒருமுறை தேர்ச்சக்கரத்தின் அச்சு என்று எதை வெட்டினாலும் ராத்திரி அவனுக்குத் தூக்கம் வந்திருக்கிறது.

கான்ஸ்டபிள் ஜோபின் ஒரு கையில் கேமராவும் மறு கையில் பட்டியலுமாக நின்றுகொண்டு படித்தான். "வரிசை எண் ஒண்ணு. ஒற்றைக் குழல் நாட்டுத் துப்பாக்கி."

காலித் வெட்டினான்.

"வரிசை எண் ரெண்டு. ஒற்றைக் குழல் நாட்டுத் துப்பாக்கி."

வெட்டினான். தண்ணிக் குழாயைக் குழலாக்கி, மாமரக் கட்டையில் கம்பியால் கட்டிய சாமான்கள். காட்டுப் பன்றிக்கென்று செய்தவை. சுட்டால் பன்றி சாகுமா, சுட்டவன் சாவானா என்று சொல்ல முடியாத ரகம். கடல் காற்றில் துரு ஏறி, சிலது தொட்டாலே பொருபொருவென்று உதிர்ந்தது. ஒன்றுக்கு இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

இருபத்து மூன்றாவது தனியாகக் கோணியில் சுற்றிக் கிடந்தது. ஒற்றைக் கையால் தூக்கப் போனவன் அப்படியே நின்று இன்னொரு கையையும் கொடுத்தான். ஏழு கிலோவுக்குக் குறையாது. கோணியை அவிழ்த்தால், உள்ளே முழுக்க மஞ்சள் மெழுகு போல இறுகிப்போன கிரீஸ்.

காலித் பனியன் வேஸ்ட் துணியைத் தின்னரில் நனைத்துத் துடைத்தான். முதல் கை துடைத்ததும் நின்றான். பிறகு மெதுவாகத் துடைத்தான். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, குந்தி உட்கார்ந்து துடைத்தான்.

"பாய், பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி இன்னா அப்பிடிப் பாத்துகினு கீற?" என்றாள் செல்லம்மா.

பக்கத்துப் பக்கமாக இரண்டு குழல். ஒவ்வொன்றிலும் அவனுடைய கட்டைவிரல் தாராளமாக நுழைந்தது. குழலின் மேல்தோலில், கிரீஸ் விலக விலக, பழுப்பும் கறுப்புமாகச் சுருள் சுருளாய் ஒரு கோலம் எழுந்து வந்தது. யாரும் மேலே வரைந்ததல்ல. இரும்புக்குள்ளிருந்தே வந்த கோலம். அந்தச் சுருள்கள் சாய்வாகக் குழலைச் சுற்றிச் சுற்றி, அடியிலிருந்து நுனி வரை ஏறிப் போயின.

சாப்பாட்டு நேரத்தில் போனில் பட்டறை வீடியோவாகப் பார்த்துத் தள்ளுகிறவன் காலித். எந்த நாட்டில் எவன் சம்மட்டி பிடித்தாலும் பார்ப்பான். அதனால் அது என்னவென்று அவனுக்குப் புரிந்துபோயிற்று. இந்தக் குழல், தடிக்கம்பியில் துளை போட்டுச் செய்ததல்ல. இரும்பையும் எஃகையும் மாற்றி மாற்றி அடுக்கி, காய்ச்சி, கயிறு போல முறுக்கி, நாடாவாக நீட்டி, அந்த நாடாவை ஒரு கம்பிமேல் பாம்பு சுற்றுகிற மாதிரி சுற்றி, நெருப்பில் காட்டிக் காட்டி சுத்தியலால் அடித்தே ஒட்டவைத்தது. இரண்டடி நீளக் குழல் முழுக்க முழுக்க ஒரே பற்றவைப்பு. போன மாதம் ஒரு கொதிகலனில் ஒரே ஒரு முழம் பற்றவைத்துவிட்டு, அதில் ஊசித் துளை இருக்கிறதென்று இன்ஸ்பெக்‌ஷன்காரன் திருப்பி அனுப்பிய கதை காலித்துக்கு ஞாபகம் வந்தது. கரண்டு இல்லாத காலத்தில் எவனோ ஒருவன் கரி நெருப்பையும் கண்ணையும் மட்டும் நம்பி இதைச் செய்திருக்கிறான். இதற்குள் வெடி வெடிக்கும், வெடிக்கிறபோது ஒரு மனிதனின் கன்னம் இதன் பக்கத்தில் இருக்கும் என்று தெரிந்தே செய்திருக்கிறான்.

குழல் வாய் இரண்டிலும் துணி அடைத்திருந்தது. இழுத்தான். காக்கித் துணி. குழலைச் சூரியனுக்கு நேரே பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்த்தான். உள்ளே மரைகள் முறுக்கிக்கொண்டு ஓடின. ஒரு பொட்டு துரு இல்லை.

"மேடம், லிஸ்டுல இதுக்கு இன்னா போட்டுகீது?"

ஜோபின் படித்தான். "வரிசை எண் இருபத்து மூணு. இரட்டைக் குழல் நாட்டுத் துப்பாக்கி. பழையது. பயனற்றது."

"நாட்டுத் துப்பாக்கியா? அதோ கெடக்குது பாருங்க தண்ணிக் குழாயி, அது நாட்டுத் துப்பாக்கி. இது லண்டன்ல செஞ்சது மேடம். யானை சுடறது."

எழில்மொழி கிட்டே வந்தாள். "எப்படிச் சொல்றீங்க?"

காலித் காட்டினான். இரண்டு குழலும் சேரும் நடு வரியில், பாதி தேய்ந்த ஒரு பெயரும் லண்டன் என்ற ஊர்ப் பெயரும் பொடி எழுத்தில் ஓடின. அடியில் எட்டு என்ற எண். ஒரு பவுண்டு ஈயத்தை உருக்கினால் எட்டே எட்டு குண்டுதான் வரும், அந்த அளவுக் குண்டு இந்த வாயில் போகும் என்று அர்த்தம். குறி பார்க்க, தூரத்துக்குத் தகுந்தபடி நிமிர்த்துகிற மடக்குத் தகடுகள். விசையை இழுத்தால் சுத்தியல் போல விழுந்து வெடிக்கவைக்கும் இரண்டு குதிரைகள், அவற்றின் காது மடலில்கூடப் பூவேலை.

"இதெல்லாம் வுடுங்க மேடம். இந்த ஸ்க்ரூவப் பாருங்க."

"என்ன ஸ்க்ரூல?"

"ஒண்ணொண்ணுத்தோட வெட்டும் எந்தப் பக்கம் பாத்துகினு கீது?"

எழில்மொழி குனிந்தாள். ஏழு திருகாணிகள். தலையிலிருந்த வெட்டுகள் எல்லாம் குழலின் நீளவாக்கிலேயே, ஒரே திசையில், வகிடு எடுத்த மாதிரி நின்றன. ஒன்றுகூட அரை டிகிரி கோணலாக இல்லை.

"முடுக்கினா அதுபாட்டுக்கு எங்கயோ போய் நிக்கும். கரெக்டா இந்தத் திசையில வந்து இறுகணும்னா, ஒவ்வொரு ஸ்க்ரூவோட தலையையும் அதுக்குன்னே அரத்தால ராவிகீறான். வெட்டு தலைமுடி கனம்தான் கீது. என்கிட்ட கீற எந்த ஸ்க்ரூ டிரைவரும் உள்ள போகல. இதப் போய் நாட்டுத் துப்பாக்கின்னு எவன் எழுதுனான்?"

எழில்மொழி எழுந்து நின்றாள். அவள் முட்டாள் இல்லை. கண்ணால் பார்ப்பது என்னவென்று அவளுக்கும் தெரிந்தது. அதுதான் தொல்லை.

"காலித் பாய், நீங்க சொல்றது நூத்துக்கு நூறு சரின்னே வச்சுக்கலாம். அப்போ பட்டியல்ல இருக்கிற இருபத்து மூணாவது நாட்டுத் துப்பாக்கி எங்கே? காணோம். பட்டியல்லயே இல்லாத யானைத் துப்பாக்கி ஒண்ணு என் கையில எப்படி வந்துச்சு? தெரியாது. ரெண்டுக்கும் நான்தான் பதில் சொல்லணும். இது உசத்தியான துப்பாக்கின்னு நீங்க நிரூபிச்ச நிமிஷம், என் ஸ்டேஷன்ல ஒரு துப்பாக்கி காணாமப் போயிடுது."

"நல்லா கீதே கதை!" என்றாள் செல்லம்மா. "மட்டம்னு சொன்னா அதை வெட்டணும். ஒஸ்தின்னு சொன்னா உனக்கு வெட்டு."

"வேற வழியே இல்லியா மேடம்?" என்றான் காலித்.

எழில்மொழி யோசித்தாள். "ஒரே வழிதான். பதிவேட்டுல இதை எழுதினவர் வந்து, 'நான் எழுதினது இந்தத் துப்பாக்கியைத்தான், விவரத்தைத் தப்பா எழுதிட்டேன்'னு எழுத்து மூலமா கொடுக்கணும். அப்போ எதுவும் காணாமப் போகல, எதுவும் புதுசா வரல. இதை மட்டும் ஒதுக்கி வச்சிட்டு கோர்ட்டுக்குத் தெரிவிப்பேன். மியூசியமா என்னன்னு அவங்க முடிவு பண்ணுவாங்க."

பதிவேட்டின் ஜெராக்ஸ் வேனில் இருந்தது. 1994-ஆம் வருஷம். துறைமுக ஏலக் கிடங்கில் கேட்பாரற்றுக் கிடந்த டிரங்குப் பெட்டியில் கிடைத்தது என்று குறிப்பு. முத்து முத்தான கையெழுத்து. ஸ்டேஷனுக்குப் போன் போட்டதில் ஆள் யாரென்று உடனே தெரிந்தது. ரைட்டர் சுயம்பு. ஏட்டாக ரிட்டயராகி ஒன்பது வருஷமாகிறது. வீடு திருவொற்றியூரில்தான்.

"வரேன்னு சொல்லிட்டார். அதுக்குள்ள மத்ததை முடிங்க," என்றாள் எழில்மொழி.

காலித் முடித்தான். மற்ற நாற்பதும் துண்டாகி வேனில் ஏறியபோது மணி மூன்றரை. நாலுக்கு ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது.

இறங்கியவர் ஒல்லியாக, உயரமாக இருந்தார். தேய்த்த வெள்ளைச் சட்டை, பையில் சொந்தப் பேனா. பட்டறைக்குள் வந்ததும் சிலிண்டர்களைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், செல்லம்மாவைப் பார்த்தார். மேஜைமேல் கோணியில் கிடந்த துப்பாக்கியை மட்டும் பார்க்கவில்லை. காலித் அதைக் கவனித்தான்.

"ஏட்டய்யா, இது உங்க கையெழுத்துதானே?" எழில்மொழி ஜெராக்ஸை நீட்டினாள்.

"ஆமாம்மா. என் எழுத்துதான்."

"அந்தத் துப்பாக்கி இதுதானா பாருங்க."

அரைக்கண்ணால் பார்த்தார். "இதுதான். இரட்டைக் குழல் நாட்டுத் துப்பாக்கி."

"நாட்டுத் துப்பாக்கியா? லண்டன்னு போட்டிருக்கே."

"போட்டிருக்கும். எங்க சொந்த ஊர்ல தையக்காரன் ஒருத்தன்கூட லண்டன் டெய்லர்னு போர்டு மாட்டிருக்கான். அவன் தூத்துக்குடி தாண்டினதில்ல."

செல்லம்மா சிரித்துவிட்டாள். எழில்மொழி சிரிக்கவில்லை. "ஏட்டய்யா, நீங்க தப்பா எழுதிட்டேன்னு ஒரு வரி கொடுத்தா இதை வெட்ட வேண்டியதில்ல."

"நான் எழுதுறவன்மா. தொடுறது என் சோலி இல்ல. கோணில சுத்தி வந்துச்சு. சுத்தினபடியே எழுதி, சுத்தினபடியே உள்ள வச்சேன். முப்பத்தோரு வருஷம் ரைட்டர் வேலை பாத்திருக்கேன். என் பதிவுல தப்புன்னு ஒரு ஆபீசர் சொன்னதில்ல. இப்ப நானே போய்ச் சொல்லவா?"

"நைனா, நீங்க நல்லா வெளிச்சத்துல பாருங்க..." காலித் துப்பாக்கியைத் தூக்கப் போனான்.

"நான் பாத்தாச்சு தம்பி. உன் வேலையப் பாரு."

எழில்மொழி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். நாலு இருபது. உத்தரவில் இருப்பது ஐந்து மணி. எழுதியவரே நாட்டுத் துப்பாக்கி என்கிறார். அவள் முகத்தில் எதையும் காட்டாமல் சொன்னாள்: "வெட்டிடுங்க பாய். ஜோபின், கேமராவப் போடு."

காலித் கட்டரைக் கையில் எடுத்தான். நான் வெட்டவில்லை, வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லலாம். அடுத்த சந்திலேயே வேறு ஆள் இருந்தான். அவன் பேசிக்கொண்டே வெட்டிவிடுவான். காலித் கட்டரைப் பற்றவைத்தான். டப்பென்று பிடித்து, மஞ்சளாகத் தாவி, நீலமாக ஒடுங்கியது நெருப்பு. அதை எரியவிட்டு ஓரமாக வைத்தான். முதலில் மரத்தைக் கழற்ற வேண்டும். இல்லாவிட்டால் பற்றி எரிந்து புகை கண்ணை மறைக்கும்.

குழலுக்கு அடியில் இருந்த முன்கட்டையைத் தடவித் தடவிப் பார்த்தான். ஆணி இல்லை, நட்டு இல்லை. மரமும் இரும்பும் சேருகிற இடத்தில் நகம் நுழையவில்லை. காலையிலிருந்தே தேடுகிறான், எங்கே பிடித்து இழுப்பதென்று தெரியவில்லை. கடைசியில் உளியை எடுத்து அந்த இடுக்கில் நிறுத்தி, சுத்தியலை ஓங்கினான்.

"ஏய்! உளிய எடு!"

ஸ்டேஷனில் லாக்கப் வரை கேட்கிற குரல். சுயம்பு இரண்டே எட்டில் மேஜைக்கு வந்துவிட்டார். "அடிச்சா பிளந்துரும்ல! தள்ளு."

காலித் தள்ளி நின்றான்.

சுயம்பு துப்பாக்கியை இரண்டு கையாலும் ஏந்தித் திருப்பினார். முன்கட்டையின் பக்கவாட்டில், பூவேலைக்கு நடுவே பூவோடு பூவாகத் தெரிந்த சின்ன ஆப்பைப் பெருவிரலால் அழுத்தினார். அது மறுபக்கம் நழுவி வந்தது. கட்டை கையோடு வந்தது. விசைக்கூட்டுக்குக் கீழே படிந்திருந்த லீவரை வலப்பக்கம் தள்ளினார். இரண்டு குழலும் தலை குனிந்தன. குழல்களை நிமிர்த்தித் தூக்கிக் கோணிமேல், மேஜையில் உரசாமல் வைத்தார். மொத்தம் ஐந்து விநாடி இருக்கும். அந்த ஐந்து விநாடியும் அவர் கண் துப்பாக்கியில் இல்லை. காலித்தின் உளியையே முறைத்துக்கொண்டிருந்தது.

கோணியில் மூன்று பாகமாகக் கிடந்தது துப்பாக்கி. குழலின் அடிப்பக்கத்தை, யாரும் பார்க்க வழியில்லாமல் மரம் மூடியிருந்த இடத்தை, காலித் குனிந்து பார்த்தான். அங்கேயும் அதே மெருகு. அரத்தின் கோடு ஒன்றுகூட இல்லை. ஓரத்தில் கடுகளவில் இரண்டு எழுத்து. செய்தவனுடையதாக இருக்கும்.

எரிந்துகொண்டிருந்த கட்டரைக் காலித் அணைத்தான்.

"ஏட்டய்யா," என்றாள் எழில்மொழி. "சுத்தினபடியே உள்ள வச்சேன்னு சொன்னீங்க."

சுயம்பு கைக்குட்டையை எடுத்து விரல் விரலாகத் துடைத்தார்.

"அந்தக் காக்கித் துணி உங்களுதா நைனா?" என்று கேட்டான் காலித். "எத்தினி வாட்டி கழட்டிகீறீங்க?"

"வருசத்துக்கு ஒருக்க." சுயம்பு யாரையும் பார்க்காமல் சொன்னார். "ஆயுத பூசைக்கு முந்தின நாளு ஸ்டேசன் ரைபிளுக்கெல்லாம் எண்ணெய் போடுவாங்க. அதோட இதுக்கும் போடுவேன். நடுவுல ரெண்டு தடவ வேற ஸ்டேசனுக்கு மாத்தினாங்க. அப்பவும் ஆயுத பூசைக்கு இங்க வந்திருவேன். சுண்டலுக்கு வாரான்னு நினைச்சிருப்பாங்க. ரிட்டயரான பொறவு உள்ள விட ஆள் இல்ல."

"கேமராவ நிறுத்து," என்றாள் எழில்மொழி. ஜோபின் நிறுத்தினான்.

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு, ஒரு வெள்ளைத் தாளை எடுத்து மளமளவென்று எழுதினாள். மணி நாலு இருபத்தைந்து. எழுதி முடித்துப் படித்துக் காட்டினாள்.

"'மேற்படி வரிசை எண் இருபத்து மூன்றில் கண்ட துப்பாக்கியும், இன்று எனக்குக் காட்டப்பட்ட துப்பாக்கியும் ஒன்றே. விவரம் தெரியாத காரணத்தால், அதை நாட்டுத் துப்பாக்கி என்று தவறாகப் பதிவு செய்துவிட்டேன்.' இது போதும் ஏட்டய்யா. இன்னிக்கு இதை வெட்ட மாட்டாங்க. விவரம் தெரியாமப் பண்ணினதுன்னா உங்க பென்ஷன் பக்கமும் யாரும் வர மாட்டாங்க. கையெழுத்துப் போடுங்க."

சுயம்பு கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளை வாங்கினார். ஒரு தடவை படித்தார். எழுத்துமேல் விரலை ஓட்டி இரண்டாவது தடவையும் படித்தார். பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைத் திருகினார். கையெழுத்துப் போடப் போகிறார் என்று காலித் மூச்சு விட்ட நேரத்தில், அவர் பேனா தாளின் நடுவே இறங்கி, 'விவரம் தெரியாத காரணத்தால்' என்ற மூன்று சொல்லின்மேல் நேர்கோடு ஒன்று இழுத்தது.

"ஏட்டய்யா, என்ன பண்றீங்க? அந்த மூணு வார்த்தைதான் உங்களைக் காப்பாத்தறது!"

சுயம்பு தாளின் அடியில் முத்து முத்தாகக் கையெழுத்திட்டு, தேதி போட்டு, அதை அவளிடம் நீட்டினார்.

"தெரியாமன்னு மட்டும் எழுதாதீங்கம்மா, தெரிஞ்சுதான் எழுதினேன்; அன்னைக்கு உள்ளதை உள்ளபடி எழுதியிருந்தா, மறு வாரமே இது ஏதாவது ஒரு பெரிய ஆபீசர் வீட்டுச் சுவத்துல தொங்கியிருக்கும்."